நிறுவனரைப் பற்றி மலர்க் கட்டுரை எழுதப் போகிறீர்களா?

கல்லூரி மலர்களுக்கு வரும் கட்டுரைகளைத் திருத்தித் தருவது என் வேலைகளில் ஒன்று. நிறுவனரைப் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். ‘வாரி வழங்கிய வள்ளல்’ என்று நாலு பக்கம் ஓடும். எதை, எப்போது, யாருக்கு வழங்கினார் என்பது மட்டும் இருக்காது. காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய தொழிலதிபர் அழகப்பச் செட்டியாரை வைத்தே சொல்கிறேன், சுலபமாகப் புரியும்.

எழுத உட்காரும் முன் ஒரு தாளை நீளவாக்கில் மடித்து, இடப்பக்கம் தொழில், வலப்பக்கம் கொடை என்று ஆண்டுவாரியாகக் குறியுங்கள். அழகப்பர் காரைக்குடி பக்கத்துக் கோட்டையூரில் பிறந்தது 1909இல், மறைந்தது 1957இல். வலப்பக்கத்தில் 1944, 1947, 1948 என்று விழ விழத்தான் தெரியும், மனிதர் முப்பது வயதுகளிலேயே பெரிய தொகைகளைக் கொடுத்திருக்கிறார். தொழிலை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு அறக்கட்டளை வைப்பவர் கதை வேறு, இது வேறு. முதல் பத்தி அங்கேயே கிடைத்துவிட்டது.

தொழிலை ‘பல துறைகளில் முத்திரை பதித்தார்’ என்று முடித்துவிடாதீர்கள். துணி ஆலை நடத்தினார், ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமான நிறுவனமும் வைத்திருந்தார். எது நிலைத்தது, எது நின்றுபோனது என்று எழுதுங்கள். திருச்சூர் பக்கம் ஆலை இருந்த இடத்துக்கே அழகப்பநகர் என்று பெயர். ஆலையில் வேலை செய்தவர்களைப் பற்றி இரண்டு வரியாவது அங்கிருந்து தேடிப் பிடியுங்கள். மலர்களில் எப்போதும் விடுபடுவது அவர்கள்தான்.

கொடைப் பகுதியில்தான் நிதானம் வேண்டும். ‘காரைக்குடி சிக்ரியை நிறுவினார்’ என்று ஒரு வரி தவறாமல் வரும். அந்த மின்வேதியியல் ஆய்வகம் மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். என்ற ஆய்வு அமைப்பைச் சேர்ந்தது. அவர் தந்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறப்பு விழா. இப்படி எழுதுவதால் அவர் பெருமை குறைந்துவிடாது. தேசிய ஆய்வகம் ஒன்றைத் தம் ஊர்ப் பக்கம் கொண்டுவந்த சாமர்த்தியம் அப்போதுதான் கண்ணில் படும். பல்கலைக்கழகமும் அப்படித்தான்: அவர் 1947இல் தொடங்கியது கல்லூரி, அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது 1985இல், அவர் போய் 28 ஆண்டு கழித்து.

அப்புறம், 15 லட்சத்தை இன்றைய மதிப்புக்குப் பெருக்கிக் கோடிகளில் போட ஆசை வரும். வேண்டாம். அதே காலத்துத் தொகை ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு (கிண்டியில் ஏ.சி. டெக் என்கிறோமே, அதுதான்) அவர் கொடுத்தது 5 லட்சம். சில ஆண்டுகளில் கை மூன்று மடங்கு நீண்டிருக்கிறது. வாசகருக்கு இது போதும்.

செவிவழிக் கதைகளை ஒதுக்க வேண்டியதில்லை. 1947இல் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் கல்லூரிகள் வேண்டும் என்று பேச, இவர் அங்கேயே எழுந்து பொறுப்பேற்றதாகச் சொல்வார்கள். அதே ஆண்டு கல்லூரி தொடங்கியிருக்கிறது, எனவே சேர்க்கலாம். வசனத்தை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். நாம் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை.

விருதுகளுக்கு ஒரு வரி: 1956இல் பத்மபூஷண். வரைவைக் குடும்பத்தாரிடம் காட்டித் தேதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடைமொழி சேர்க்கச் சொன்னால், பக்கத்தில் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். மலர் வேலையில் அதற்கு யாரும் மறுபேச்சு பேசுவதில்லை.