குளிர்காலம் முடிந்து எடுத்த படகு இன்ஜின் திணறுகிறதா?

மாதக்கணக்கில் மூடி வைத்த படகை எடுத்து ஸ்டார்ட் செய்கிறீர்கள். இன்ஜின் பிடிக்கிறது, ஆனால் ஸ்லோவில் நிற்காமல் அணைந்துவிடுகிறது. இல்லையென்றால் வேகம் கூட்டும்போது இழுவை இல்லாமல் திணறுகிறது. உடனே பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது இன்ஜின் அல்ல, அதற்குள் தேங்கிய பழைய பெட்ரோல்தான். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) உள்ள அவுட்போர்டு இன்ஜினை, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் இன்ஜினை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். கரையில் ஓட்டிப் பார்ப்பதென்றால், தண்ணீர் இழுக்கும் துளைகள் நன்றாக மூழ்கும்படி ஒரு டிரம்மில் இறக்கி வையுங்கள். நியூட்ரலில் மட்டும் ஓட்டுங்கள்; புரொப்பெல்லர் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால், இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம்) சீக்கிரமே பாழாகிவிடும். இன்ஜின் ஓடும்போது பின்பக்கச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வரவில்லையா, உடனே அணையுங்கள். பூச்சி கூடு கட்டி அந்தத் துளை அடைத்திருப்பதும் உண்டு.

அடுத்து பெட்ரோல். தீப்பொறிக்கு வாய்ப்பே இல்லாத திறந்த வெளியில், டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது தெரிந்தால் அது தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். நிறம் கறுத்து, வார்னிஷ் வாடை அடித்தால் பெட்ரோல் பழசாகிவிட்டது என்று அர்த்தம். அதில் மருந்து ஊற்றித் தேற்றப் பார்க்காதீர்கள். முழுவதையும் பாதுகாப்பாக அப்புறப்படுத்திவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். கூடவே ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்குங்கள். சில அமுக்கில் கெட்டியாக வேண்டும். ஆகவே இல்லையென்றால் ஹோஸிலோ பல்பின் வால்விலோ காற்று புகுகிறது. இன்ஜின் ஓடும்போது பல்ப் சப்பையாக ஒடுங்கினால், டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பீர்கள். இது ரொம்பச் சாதாரணமாக நடப்பது.

இன்னும் திணறுகிறதா? அணையப் போகும் நேரத்தில் பல்பை அமுக்கிப் பாருங்கள். இன்ஜின் தெளிந்தால், வரும் வழியில் பெட்ரோல் பற்றவில்லை. பெட்ரோல் பம்ப், ஹோஸ், ஃபில்டரைப் பாருங்கள். பல்பை அமுக்கி மாறவில்லை, ஆனால் காற்றைக் குறைக்கும் சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் சீராகிறது என்றால், கார்புரேட்டரில் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பித்தளைப் பாகம்) அடைத்திருக்கிறது. ஸ்லோவில் மட்டும் அணைந்தால் ஸ்லோ ஜெட். வேகத்தில் மட்டும் திணறினால் மெயின் ஜெட்டைச் சந்தேகப்படலாம்.

ஸ்லோ ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான். பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சின்னதாக, முழு வட்டமாக ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் உள்ளே பிசின் ஒட்டியிருக்கிறது. கார்புரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் கலவை மாறிவிடும். ஸ்லோவுக்கான கலவையைச் சரிசெய்யும் திருகைக் கழற்றும் முன், மென்மையாக உள்ளே முட்டும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்வதும் நல்லது.

ஸ்பார்க் பிளக்கை இதற்கு அப்புறம் பார்த்தால் போதும். குளிர்காலத்துக்கு முன் சிலிண்டருக்குள் பாதுகாப்பு எண்ணெய் தெளித்திருந்தால், முதல் சில நிமிடம் வெண்புகை வரும், பிளக்கும் நனைந்து மிஸ்ஸிங் ஆகும். அது எரிந்து தீரும் வரை ஓடவிட்டு, பின்பு புது பிளக் போடுங்கள். பேட்டரியையும் பாருங்கள். முழு சார்ஜில், ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் அளவு மிகக் குறைந்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ ஒட்டியிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.