வேனில் முடிவில் கரைக்கடல் தூண்டில்: மதுரையிலிருந்து புறப்படுவோர்க்கு

மதுரையிலிருந்து கடலுக்குப் போய்த் தூண்டில் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் படகு வாடகையையும் தூண்டில் கம்பின் விலையையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். கத்திரி வெயில் முடிந்து ஆனி பிறக்கும் காலத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கடலுக்குப் போவது என்பதே. இராமநாதபுரம் சீமைக்கு இரண்டு கடல்கள் உண்டு. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் வடக்கே இருப்பது பாக் நீரிணைப் பக்கம். தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. மே மாதக் கடைசியில் தென்மேற்குக் காற்று வலுக்கத் தொடங்கியதும் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழாக மாறும். அந்தக் கரையில் தொழில் செய்கிறவர்களே காற்றுக்கு ஏற்பக் கடலை மாற்றிக்கொள்ளும்போது, ஒரு நாள் வந்துபோகும் நாம் தென்கடலோரக் கீழக்கரையில்தான் இறங்குவேன் என்று பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை.

ஆகவே வேனில் முடிவில் தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை ஆகியவை நல்ல தேர்வுகள். மதுரையிலிருந்து இரவு மூன்றாம் சாமத்தில் காரில் கிளம்பினால் விடியும் வேளையில் கரையில் நிற்கலாம். ஆனால் வடகடல் அமைதியாகத் தெரிவதிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. அங்கே தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையருகே அலை எழுவதில்லை. அதே காற்று, இயந்திரம் நின்றுபோன படகைக் கரையைவிட்டு வெளியே தள்ளிக்கொண்டு போகும். இலங்கையுடன் 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வகுக்கப்பட்ட கடல் எல்லை இந்தப் பக்கத்தில் வெகுதூரத்தில் இல்லை. ஆகையால் படகில் நல்ல நங்கூரமும், போதிய நீளத்துக்குக் கயிறும், மாற்று இயந்திரம் அல்லது பாயும் இருக்கின்றனவா என்று புறப்படுமுன் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அருகே மீன் அதிகம் என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் படகில் ஏற வேண்டாம்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வள்ளங்களுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இந்தத் தடை இல்லை. இழுவை வலைகள் ஓய்ந்திருக்கும் இந்த இடைவெளியின் கடைசி நாள்கள்தான் கரைக்கடல் தூண்டிலுக்கு ஏற்றவை என்பது என் கருத்து. தடை நீங்கியதும் கடலில் படகுச் சத்தமும் கரையில் நெரிசலும் பெருகிவிடும். மீன்பிடிப் படகில் வெளியாரைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்வது தானாகவே அனுமதிக்கப்பட்ட காரியம் என்று எண்ணிவிடக் கூடாது. படகின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்; உள்ளூர் மீன்வளத் துறை அலுவலகத்திலும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் முன்கூட்டியே விசாரித்து, ஆதார் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படகோட்டும் அண்ணாச்சி 'இதெல்லாம் எதுக்கு' என்று சொன்னாலும், ஆளுக்கொரு உயிர்காப்பு மேலாடை இல்லாமல் படகைத் தள்ளச் சொல்லாதீர்கள். கடலோரக் காவல் படையின் மீட்பு உதவி எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் கைப்பேசியில் பதிந்துகொள்வது நல்லது.

வானிலை மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையைப் புறப்படும் முந்தைய மாலை பார்க்க வேண்டும். தென்கடலுக்குப் போவதாக இருந்தால், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில் எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலில் எழுந்த நெட்டலைகள் இங்கே காற்றே வீசாத நாளிலும் கரையை அறையக்கூடும். கள்ளக்கடல் என்று சொல்லப்படும் இத்தகைய சீற்றத்துக்கு 2024 மே மாதத்தில் தமிழகக் கடற்கரைக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

தென்கடலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. அங்கே தூண்டில் போடுவதும், அனுமதியின்றித் தீவில் இறங்குவதும், பவளத்தின் மேல் நங்கூரம் போடுவதும் கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை, ஆமை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. தூண்டிலில் ஆமை சிக்கினால் நரம்பை, அதாவது தூண்டில் இழையை, அறுத்து உடனே விட்டுவிட வேண்டும்.

இனித் தூண்டில். வடகடலின் ஆழம் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள்தான். தரை சேறும் கடற்புல்லுமாக இருக்கும். அங்கே கிழங்கான், விளமீன், கெளுத்தி போன்றவற்றுக்குக் கைத்தூண்டிலே போதும்: நரம்பின் நுனியில் ஈயக்குண்டு, அதற்குச் சற்று மேலே இரண்டு தூண்டில் முள், இரையாக இறால் துண்டு அல்லது கணவாய்க் கீற்று. கணவாய் எளிதில் பிய்ந்து போகாது என்பதால் பழகாதவர்களுக்கு அதுவே வசதி. ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு முழம் தூக்கிப் பிடித்து, நரம்பை விரலில் ஏந்திக் காத்திருங்கள். முதல் கொத்தலுக்கே வெடுக்கென்று இழுத்தால் இரை மட்டும்தான் போகும். நீவாடு, அதாவது கடலின் உள்ளோட்டம், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வேகம் கொள்ளும். அந்நாள்களில் சிறிய ஈயம் தரையில் நிற்காது, கூடுதல் எடை தேவைப்படும். பாறை, ஊளி, வஞ்சிரம் ஆகிய மீன்களை நாடினால் படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே போலி இரையைப் பின்னால் இழுத்து வர வேண்டும். ஊளியின் பல் நரம்பை அறுத்துவிடுமாதலால் முள்ளுக்கு முன் ஒரு சாண் மெல்லிய எஃகுக் கம்பி கட்டாயம். நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுப்பது விரலைக் காவு கொடுக்கும் வேலை. துணி உறை போட்டுக்கொள்ளுங்கள்.

கெளுத்தியின் முள், ஓரா மீனின் முதுகு முள், திருக்கையின் வால் முள் மூன்றும் விஷமுள்ளவை. குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைத்திருப்பது வலியைக் குறைக்கும். அதன்பின் மருத்துவரிடம் போக வேண்டும். உடம்பை ஊதிப் பெருக்கும் பேத்தை மீனை உண்ணக் கூடாது. எவ்வளவு சமைத்தாலும் அதன் நஞ்சு போகாது.

குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி வந்த பிறகு அதனால் பயனில்லை. முந்தைய இரவு மதுரையில் கறிதோசையும் பரோட்டாவும் உண்டு கிளம்புகிறவர்களை எந்த மாத்திரையும் காப்பாற்றாது. விடியற்காலையில் இரண்டு இட்லி போதும்.

பிடித்த மீனை மதுரை வரை கெடாமல் கொண்டுவருவதே இந்தப் பருவத்தின் பெரிய வேலை. கரையோர ஊரின் ஐஸ் பிளாண்டில் பொடித்த ஐஸை மீனின் எடைக்குக் குறையாத அளவில் வாங்கி, பெட்டியில் அடைத்துக் கடலுக்கே எடுத்துச் செல்ல வேண்டும். மீன் ஏறியவுடன் செவுளை அறுத்து இரத்தத்தை வடித்து, ஐஸுக்குள் புதைக்க வேண்டும். படகின் தட்டில் வெயிலில் கிடந்த மீனைக் கரைக்கு வந்து ஐஸில் போட்டுப் பயனில்லை. சூரை மீனில் இது இன்னும் முக்கியம், ஏனெனில் சூட்டில் கிடந்த சூரையில் உருவாகும் ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் அழிவதில்லை. அதை உண்டால் முகம் சிவந்து தடிப்பும் தலைவலியும் உண்டாகும். பெட்டியின் அடியில் உருகும் தண்ணீர் வெளியேற வழி வைத்து, பரமக்குடியில் தேநீருக்கு நிற்கும்போது ஒருமுறை திறந்து பார்த்து, ஐஸ் குறைந்திருந்தால் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.