சீழ் வைத்த தீப்புண்ணுக்கு வெள்ளி மருந்துக் கட்டு

தீப்புண்ணில் சீழ் வைத்துவிட்டால் முதலில் டாக்டர் பார்க்கட்டும், வீட்டில் கட்டை மாற்றுவது மட்டும்தான் நம் வேலை. பெரும்பாலும் எழுதித் தருவது 1 சதவீத சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம், அதாவது வெள்ளியும் சல்ஃபா மருந்தும் சேர்ந்த, கிருமியைக் கொல்லும் க்ரீம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், நிறைமாத கர்ப்பிணிகள், 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள், இவர்களுக்கு இது ஆகாது. டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழைய காஸ் (புண்மேல் வைக்கும் வலைத்துணி) ஒட்டிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள், சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) ஊற்றி ஊறவிட்டால் தானாக நெகிழ்ந்து வரும். அப்புறம் பழைய க்ரீமைக் கழுவி எடுக்கும்போது மஞ்சளும் சாம்பலுமாக ஒரு படலம் தெரியும், பார்க்கச் சீழ் மாதிரியே இருக்கும், ஆனால் அது க்ரீம் புண்ணிலிருந்து கசியும் நீரோடு சேர்ந்து உண்டாவதுதான், பதறிப்போய்ச் சுரண்ட வேண்டாம். ஈரத்தை ஒற்றி எடுத்து, சுத்தமான கையுறையோடு 1.5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தடவி, காஸ் வைத்துத் தளர்வாகச் சுற்றுங்கள். விரல்களென்றால் தனித்தனியாக. தினம் ஒன்றிரண்டு முறை.

க்ரீமுக்குப் பதில் புண்மேல் ஒட்டும் வெள்ளி பூசிய ஷீட் என்றால் தினமும் பிரிக்கத் தேவையில்லை, வகையைப் பொறுத்துச் சில நாள் அப்படியே இருக்கலாம்.

காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பு, பச்சைக் கசிவு, நாற்றம், எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.