பேராசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்துவது எப்படி

நாள் முழுக்க ஸ்லைடு ஓட்டாதீர்கள். மதியத்துக்கு மேல் பாதிப் பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு பயிலரங்குக்கு ஒரே ஒரு உத்தி, 90 நிமிடம், போதும்.

உதாரணத்துக்கு, ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-இல் தொடங்கிய சக மாணவர் கற்றல் முறை. அதை விளக்காதீர்கள், செய்து காட்டுங்கள். வந்திருக்கும் ஆசிரியர்களையே மாணவர்களாக உட்காரவைத்து, கணக்குப் போடத் தேவையில்லாத, ஆனால் யோசித்தால்தான் விடை வரும் கேள்வி ஒன்றைச் சில விடைகளோடு திரையில் போட்டு, யாரோடும் பேசாமல் விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சரியாகச் சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடவிட்டு மறுபடி கேளுங்கள். அதற்குக் குறைந்தால் பாடத்தையே இன்னொரு தடவை நடத்த வேண்டும், கூடினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். அப்புறம், அடுத்த வாரம் எடுக்கப்போகும் பாடத்துக்கு அப்படி ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் எழுதிவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும். தவறான விடைகளை எழுதுவதுதான் கஷ்டமே: மாணவர்கள் உண்மையில் எங்கே குழம்புகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்குப் பழைய விடைத்தாள்கள் கைகொடுக்கும்.

கேள்விகளைத் துறைவாரியாகப் பொது ஃபோல்டரில் போடுங்கள். வேர்ட் கோப்பாகவே இருக்கட்டும், பிடிஎஃப் என்றால் திருத்துவது பெரும்பாடு. வெளியிலிருந்து எடுத்த படம் என்றால் உரிமத்தைப் பாருங்கள். படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'என்டி' (ND, அதாவது மாற்றியமைத்தல் கூடாது) என்று இருந்தால் மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது.

சில வாரம் கழித்து, வகுப்பைப் பார்க்க வரட்டுமா என்று கேளுங்கள், அழைத்தால் மட்டும் போங்கள். பார்த்தது எதுவும் துறைத்தலைவர் காதுக்குப் போகாது என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.