டீசல் பிக்கப்புக்குப் புது கிளட்ச்: முதலில் ஃபிளைவீலை முடிவு செய்யுங்கள்

கிளட்ச் தேய்ந்ததும் பலரும் உராய்ந்து பிடிக்கும் தட்டான பிளேட்டைத்தான் தேடுகிறார்கள். எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான வட்டான ஃபிளைவீலில் இருந்து தொடங்குவதே சரி. எந்த பிளேட் பொருந்தும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

அதற்கும் முன்பு, பழுது கிளட்சில்தானா என்று பாருங்கள். மேட்டில் நான்காவது கியரில் 1500-2000 ஆர்.பி.எம்.மில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் கூடாமல் ஆர்.பி.எம். மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போ டீசலின் உச்ச டார்க் (முறுக்கு விசை) இந்த இடத்தில் வருவதால் தேய்மானம் முதலில் இங்கே தெரியும். கியர் விழ மறுத்தால், பெடலின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கடத்தும் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர்களில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

புதிய பிக்கப்புகள் பலவற்றில் டூயல் மாஸ் ஃபிளைவீல் இருக்கிறது. இரண்டு எடைகளுக்கு நடுவே உள்ள ஸ்பிரிங்குகள் டீசல் எஞ்சினின் அதிர்வை விழுங்கிக்கொள்ளும். எஞ்சின் நிற்கும்போதும் கிளம்பும்போதும் தடதடவென்று சத்தம் கேட்டால் இந்த ஸ்பிரிங்குகளைச் சந்தேகிக்கலாம். கழற்றியபின் வெளிவட்டைக் கையால் திருப்பியும் அசைத்தும் பாருங்கள். எவ்வளவு ஆட்டம் இருக்கலாம் என்பது சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கிரீஸ் அதிகமாக வெளியே கசிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். பெரும்பாலானவற்றை லேத்தில் கடையவும் கூடாது.

விலை குறைவு என்று, ஒரே எடையாலான சிங்கிள் மாஸ் ஃபிளைவீலுக்கு மாறுகிறவர்கள் உண்டு. தாங்கும், எளிதானது, கடையவும் முடியும். ஆனால் டூயல் மாஸுக்கான பிளேட்டின் நடுவில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. அதே பிளேட்டை சிங்கிள் மாஸில் போட்டால் அதிர்வு முழுவதும் கியர்பாக்ஸுக்குப் போய், ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது) பற்சக்கரங்கள் கடகடக்கும், பேரிங்குகள் சீக்கிரம் தேயும். மாறுவதென்றால் ஃபிளைவீல், ஸ்பிரிங் வைத்த பிளேட், அதை ஃபிளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட் மூன்றும் ஒரே செட்டாக வாங்குங்கள். அப்போதும் ஐடிலில் கொஞ்சம் சத்தம் கூடத்தான் செய்யும். பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு டூயல் மாஸே நல்லது என்பது எங்கள் கருத்து.

பழைய சிங்கிள் மாஸில் நீலத் திட்டுகளும் மெல்லிய மயிரிழை விரிசல்களும் இருந்தால் கடைந்து சரி செய்யலாம். ஆழமான விரிசல் என்றால் தூக்கிப் போடுங்கள். படி வைத்த ஃபிளைவீலாக இருந்தால் பிளேட் உரசும் முகத்தையும் பிரஷர் பிளேட்டின் கவர் போல்ட் உட்காரும் முகத்தையும் ஒரே அளவு கடைய வேண்டும். உரசும் முகத்தை மட்டும் கடைந்தால் அழுத்தம் குறைந்து புது கிளட்சே வழுக்கும்.

கிளட்சைத் தேர்ந்தெடுக்கக் குதிரைத்திறன் முக்கியமில்லை, டார்க்தான் முக்கியம். 400 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கு 480-520 தாங்கும் செட் போதும். டியூனிங் செய்திருந்தால் கூடிய டார்க்கை வைத்துக் கணக்கிடுங்கள். அன்றாட ஓட்டத்துக்கும் பாரத்துக்கும் ஆர்கானிக் பிளேட்டே போதும். செராமிக் சூட்டைத் தாங்கும். ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், போக்குவரத்து நெரிசலில் ஊர்ந்து ஓட்டக் கஷ்டம். வாங்கும் முன் விட்டம், நடுத்துளையில் உள்ள ஸ்ப்லைன் பற்களின் எண்ணிக்கை இரண்டையும் பழைய பிளேட்டோடு ஒப்பிடுங்கள்.

கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங், புது ஃபிளைவீல் போல்ட் எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஸ்லேவ் சிலிண்டர், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பின்னால் கசிந்தால் இதே வேலை முழுவதும் மறுபடி. எஞ்சினின் பின் ஆயில் சீலையும் இப்போதே பாருங்கள். ஒரு துளி எண்ணெய் பிளேட்டில் பட்டாலும் கிளட்ச் உதறும்.

பொருத்தும்போது ஃபிளைவீல், பிரஷர் பிளேட் முகங்களில் உள்ள துரு தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். பிளேட்டில் ஃபிளைவீல் பக்கம் என்று குறித்திருக்கும், திருப்பிப் போட்டால் கிளட்ச் விடாது. ஸ்ப்லைனில் கிரீஸ் மிக மெல்லியதாக இருக்கட்டும். மிஞ்சியது சுழற்சியில் பிளேட்டில் தெறிக்கும். பிளேட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மென்ட் கருவியை வைத்து, கவர் போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். தேய்மானத்துக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும் வகை பிரஷர் பிளேட்டுக்குத் தனிக் கருவி வேண்டும்.

முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல், டிரெய்லர் இழுக்காமல், கியர் அடிக்கடி மாறும் ஊருக்குள்ளான பாதையில் ஓட்டுங்கள். அதற்குள் பிளேட் முழு முகமும் படிந்து பிடிக்கத் தொடங்கிவிடும்.