கார் கண்ணாடி ஏறவில்லையா? பவர் விண்டோ மோட்டாரை வீட்டிலேயே சோதித்துச் சரிசெய்யும் முறை

ஐப்பசி மழை தொடங்கியதும் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பகுதிகளில் கார் வைத்திருப்போர் பலர் சந்திக்கும் தொல்லை, இறக்கிய கண்ணாடி மீண்டும் ஏறாமல் பாதியில் நின்றுவிடுவது. மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி உடனே புதியது வாங்கிவிடுகிறோம். ஆனால் குறுவை அறுவடையின்போது சாலையில் காயும் நெல்லிலிருந்து பறக்கும் தூசியும் வைக்கோல் தூளும், கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் தடத்தில் படிந்து, மழை ஈரத்தில் இறுகிவிடுவதால் மோட்டார் திணறுகிறது. அந்தத் தடத்தைச் சுத்தம் செய்யாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால், புதியதும் அதே பாடுபடும்.

இங்கே சொல்லப்படுவது இரண்டு வயர் மட்டும் செல்லும் எளிய மோட்டாருக்கு உரியது. இது 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குகிறது. இரண்டு வயர்களிலும் துருவம் மாறினால் சுழலும் திசையும் மாறும், அதனால்தான் ஒரே மோட்டார் கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. அளவுக்கு மீறிச் சூடேறினால் மின்னோட்டத்தைத் தடுக்கும் பாதுகாப்பு பல மோட்டார்களுக்குள் உண்டு. நின்றுபோன கண்ணாடி சற்று நேரம் கழித்துத் தானாகவே வேலை செய்தால், மோட்டாரைவிட ரப்பர் தடத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கதவைப் பிரிப்பதற்கு முன் சுவிட்சை அழுத்திக் காதுகொடுத்துக் கேளுங்கள். மோட்டார் சுழலும் ஓசை கேட்டும் கண்ணாடி அசையவில்லை என்றால், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது ரெகுலேட்டரின் (மோட்டார் விசையால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பு) கேபிள் அறுந்திருக்கலாம். ஓசையே இல்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். பெரும்பாலும் 20 முதல் 30 ஆம்பியர் வரையிலான ஃபியூஸ் இருக்கும்; மஞ்சள் நிறம் 20, பச்சை நிறம் 30. எரிந்துபோயிருந்தால் அதே அளவில்தான் மாற்ற வேண்டும். அதைவிடப் பெரியதைப் போட்டால் ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

கதவுக்குள் ஏர்பேக் அல்லது அதன் சென்சார் உள்ள கார் என்றால், புதிதாகப் பழகுவோர் கதவைத் திறக்காமல் பணிமனையில் கொடுப்பதே நல்லது. மற்றவர்கள் சாவியை எடுத்துவிட்டு, கைப்பிடிக்குள்ளும் கைவைக்கும் பகுதிக்கு அடியிலும் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஓரங்களில் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, டோர் பேடை (கதவின் உள்பக்க மூடி) மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும். அதன் பின்னால் கருப்புப் பசையால் ஒட்டிய பாலித்தீன் தாள் இருக்கும். அது மழைநீர் காருக்குள் புகாமல் தடுப்பது. ஆகவே கிழிக்காமல் ஓரத்திலிருந்து மெல்லப் பிரித்தெடுங்கள்.

அடுத்த சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். மோட்டாரின் கப்ளரை (வயர்களை மோட்டாரோடு சேர்க்கும் செருகி) கழற்றி, வயரிங் பக்கத்தில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து, சாவியைப் போட்டு ஒருவரைச் சுவிட்சை அழுத்தச் சொன்னால் 12 வோல்ட் காட்டக்கூடும். அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. பத்துப் பதினைந்து இழைகளில் ஒன்றிரண்டு மட்டும் அறாமல் மிஞ்சிய வயரும், சுமை இல்லாதபோது முழு வோல்ட்டைக் காட்டும். எனவே பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றின் இரு முனைகளையும் அந்தக் கப்ளரில் இணைத்துப் பாருங்கள். அது ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும். ஏற்றும்போதும் இறக்கும்போதும் பளிச்சென்று எரிந்தால் பழுது பெரும்பாலும் மோட்டார் பக்கம்தான். மங்கலாக எரிந்தால் வயரிங்கில் கோளாறு. அப்படியானால் கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள்; கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி வயர் அங்கேதான் அறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் கப்ளர் முனைகளில் பச்சை படிந்திருப்பதையும் காணலாம். ஒரு திசையில் மட்டும் எரிந்தால் சுவிட்சைச் சோதிக்க வேண்டும். பல கார்களில் பக்கத்துக் கதவின் மின்சுற்றும் ஓட்டுநர் கதவின் சுவிட்ச் வழியாகவே செல்வதால், அதையும் விட்டுவிடக் கூடாது.

வயரிங் சரியாக இருந்தால், கப்ளரை மீண்டும் மோட்டாரில் செருகி, சுவிட்சை ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க, மோட்டாரின் உடலை ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். உடனே சுழன்றால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது என்று பொருள். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் ஏற்றி, கதவுச் சட்டத்தின் மேலாக அகலமான டேப்பால் இரு பக்கமும் ஒட்டிவிடுங்கள். கத்தரிக்கோல் வடிவ ரெகுலேட்டரில் வலுவான சுருள்வில் உண்டு. மோட்டாரை அகற்றியதும் அது திடீரென விடுபட்டு விரலை நசுக்கிவிடும். ஆகவே அதன் கைகளை முதலில் போல்ட்டாலோ கிளாம்பாலோ அசையாமல் கட்டியே தீர வேண்டும். இதில் தயக்கம் இருந்தால் அந்த ஒரு வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பிரித்த மோட்டாரில் கார்பன் தூள் அடைந்திருந்தால் உலர்ந்த பிரஷால் துடைத்து, ஆர்மேச்சரின் (மோட்டாருக்குள் சுழலும் பகுதி) கார்பன் பிரஷ் உரசும் செம்புப் பகுதியை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். கார்பன் பிரஷ் கட்டையாகத் தேய்ந்திருந்தாலும், உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்திருந்தாலும் புதிய மோட்டார் வாங்குவதே உத்தமம்.

இனி ரப்பர் தடம். ஈரத்துணியைத் தட்டையான குச்சியில் சுற்றி, தடம் முழுவதும் மேலிருந்து கீழாகத் துணி அழுக்கில்லாமல் வெளிவரும் வரை துடையுங்கள். காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே மட்டும் அடிக்கவும். தேங்காய் எண்ணெய் தூசியை இழுத்து ஒட்டவைக்கும்; கிரீஸும் என்ஜின் ஆயிலும் ரப்பரை உப்பவைக்கும். கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகளையும் குச்சியால் குத்தி அடைப்பு நீக்குங்கள். அவை அடைபட்டால் கதவுக்குள் நீர் தேங்கும்.

எல்லாவற்றையும் பொருத்தியபின், டோர் பேடை மூடுவதற்கு முன்பே கண்ணாடியைச் சில முறை ஏற்றி இறக்கி, எதிர்ப் பக்கக் கதவின் வேகத்தோடு ஒப்பிடுங்கள். இன்னும் மந்தமாக இருந்தால் தடத்தை மறுபடி துடைக்க வேண்டும். பிறகு பாலித்தீன் தாளை இடைவெளியின்றி ஒட்டி மூடுங்கள். அடுத்த பெருமழைக்குப் பின் கால்மிதியின் அடிப்பகுதி ஈரமாக இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.