ஐ.பி. டிப்ளமோவில் காஸ்: 18 மாதத்தை எப்படித் திட்டமிடுவது

சித்தப்பா பையன் இந்த ஆகஸ்டில் ஐ.பி. டிப்ளமோ (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட், பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இணையான இரண்டு வருடப் படிப்பு) சேர்கிறான். போன வாரம் ஃபோன் செய்து, "அக்கா, காஸ்னு ஒண்ணு இருக்காமே, அதுக்கு எத்தனை மணி நேரம் காட்டணும்?" என்று கேட்டான். சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் கேட்டேன். 2022 ஆகஸ்டில் சேர்ந்து 2024 மேயில் பரீட்சை எழுதி முடித்தவள் நான். அவனுக்கு ஃபோனில் அரைமணி நேரம் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன், அடுத்து சேர்கிறவர்களுக்கும் உதவும்.

காஸ் என்றால் கிரியேட்டிவிட்டி, ஆக்டிவிட்டி, சர்வீஸ்: பாடங்களோடு கூடவே படைப்பு, உடலுழைப்பு, சேவை என்று எல்லோரும் செய்ய வேண்டிய பகுதி. முதலில் அந்த மணி நேரக் கேள்வி. இப்போது மணிக் கணக்கு கிடையாது. முன்பு 150 மணி நேரம் என்று ஒரு கணக்கு இருந்தது, சீனியர்களின் அண்ணன் அக்காக்கள் இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்போது கேட்பதெல்லாம் குறைந்தது 18 மாதம், விட்டுவிட்டு இல்லாமல் தொடர்ச்சியாக, கிரியேட்டிவிட்டி, ஆக்டிவிட்டி, சர்வீஸ் மூன்றும் ஓரளவு சமமாக இருக்க வேண்டும் என்பதுதான். மார்க் கிடையாது. ஆனால் இதை முடிக்கவில்லை என்றால் பாடங்களில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் டிப்ளமோ கைக்கு வராது. பள்ளியில் காஸைக் கவனித்துக்கொள்ளும் கோஆர்டினேட்டரோடு மூன்று நேர்காணல்கள் உண்டு: ஆரம்பத்தில், முதல் வருட முடிவில், கடைசியில். ஒரு மாதமாவது நீடிக்கிற, மற்றவர்களோடு சேர்ந்து செய்கிற ஒரு புராஜெக்ட்டும் கட்டாயம்.

படி 1: ஒரு காலண்டரை எடுத்து மேஜைமேல் விரியுங்கள்

எதைச் செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஆகஸ்டில் ஆரம்பித்தால் 18 மாதம் இரண்டாம் வருட ஜனவரியில் முடியும், அப்போதுதான் மாக் (மாதிரி) தேர்வும் பாடங்களுக்கான ஐ.ஏ. (பள்ளியிலேயே மதிப்பிடும் பாட வேலை) கெடுக்களும் ஒன்றாக வந்து கழுத்தை நெரிக்கும். அதனால் இரண்டாம் வருட அக்டோபருக்குள் பெரிய வேலைகள் முடிந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு சின்னச் சின்னத் தொடர்ச்சிகள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரின் பருவத்தையும் குறியுங்கள். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, வெளியே செய்கிற எதையும் அப்போது நம்ப முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். அரசுப் பள்ளிகளுக்கு மே மாதம் விடுமுறை, எங்களுக்கோ ஜூன், ஜூலை. முதலில் இது இடைஞ்சல் என்று நினைத்தேன். உண்மையில் இதைவிடப் பெரிய வசதி இல்லை: நாம் வீட்டில் சும்மா இருக்கும் ஜூன், ஜூலையில் அந்தப் பள்ளிகள் திறந்திருக்கும். எங்கள் புராஜெக்ட் முழுக்க அந்த இடைவெளியில்தான் நடந்தது.

படி 2: மூன்றுக்கும் ஒவ்வொரு நீண்ட வேலை, அதைச் சுற்றிச் சின்ன வேலைகள்

பத்துப் பன்னிரண்டு ஒருநாள் நிகழ்ச்சிகளைக் கோத்துக் காட்டலாம் என்று பலரும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருநாள் மரம் நடுவது, ஒருநாள் மாரத்தான் என்று போனால் எதிலும் நீங்கள் மாறியதைக் காட்ட முடியாது. ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து மாதமாவது ஓடுகிற ஒன்றை எடுங்கள்.

ஆக்டிவிட்டிக்கு நான் சிலம்பம் எடுத்தேன், வாரம் இரண்டு நாள், காலை ஆறு மணி. முதல் ஆறு வாரம் காலடி மட்டும்தான், மாஸ்டர் கையில் கம்பே கொடுக்கவில்லை. கொடுத்த பிறகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து, பேனா பிடிக்க முடியாமல் இரண்டு நாள் வகுப்பில் குறிப்பே எடுக்கவில்லை. புதிதாக ஒன்றைக் கற்கிறீர்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஏற்கெனவே நன்றாக வருகிற ஒன்றைவிட, கை கூசுகிற ஒன்றை எடுங்கள் என்பேன்.

படி 3: தேவையை நீங்களே முடிவு செய்யாதீர்கள், போய்க் கேளுங்கள்

நான் சறுக்கிய இடம் இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காஸுக்கு ஐந்து கட்டங்கள் உண்டு: விசாரிப்பது, தயாராவது, செய்வது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது (ரிஃப்ளெக்‌ஷன்), மற்றவர்களுக்குக் காட்டுவது. திரும்பிப் பார்ப்பது மட்டும் கடைசியில் வருவதல்ல, எல்லாக் கட்டத்திலும் கூடவே நடக்கும். நானும் இரண்டு தோழிகளும் முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாநகராட்சிப் பள்ளி இருக்கிறது, அங்கே ஆங்கிலம் சொல்லிக் கொடுப்போம் என்று நாங்களே முடிவு செய்து, பன்னிரண்டு வாரத்துக்குப் பாடத்திட்டம் போட்டு, வண்ண அட்டைகள் வெட்டி எடுத்துக்கொண்டு போய் நின்றோம்.

தலைமையாசிரியை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "சனிக்கிழமை இங்கிலீஷ் சொல்லித்தர ஏற்கெனவே ரெண்டு குரூப் வர்றாங்கம்மா. ரெண்டு மாசம் வருவாங்க, ஃபோட்டோ எடுப்பாங்க, அப்புறம் பரீட்சைன்னு போயிடுவாங்க. அடுத்த வாரமும் பிள்ளைங்க வாசலைப் பாத்துட்டே நிக்கும்."

எங்கள் மூன்று பேருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. வேறென்ன மேடம் செய்யலாம் என்று கேட்டபோது, அவர் எங்களை ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப்போய் பச்சை நிற இரும்பு பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டுப் பிரிக்காத புத்தகங்கள். "புத்தகம் இருக்கு. யார் எடுத்தா, யார் கொடுத்தான்னு எழுதிவெக்க ஆள் இல்ல. அதான் பூட்டியே இருக்கு." அதுதான் தேவை. ஐ.பி. கையேடு 'உண்மையான தேவை' என்று சொல்வது இதைத்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மொத்தம் 430 புத்தகங்கள். நூலகங்களில் போடுவதுபோல் எண் போட்டுப் பிரிக்கலாம் என்று ஆரம்பித்தோம், மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது எதற்கும் உதவாது என்று ஒரே நாளில் தெரிந்தது. வாசிப்பதன் சிரமத்தை வைத்து மூன்று வண்ண ஸ்டிக்கர்: பக்கத்துக்கு ஒரு வரி இருந்தால் மஞ்சள், ஒரு பத்தி இருந்தால் பச்சை, அதற்கு மேல் நீலம். ஒரு நீண்ட நோட்டில் பெயர், வகுப்பு, புத்தகம், தேதி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை நூலகர்களாகப் பழக்கினோம், ஏனென்றால் நாங்கள் போன பிறகும் பீரோ திறந்திருக்க வேண்டுமே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பீரோவின் அடித்தட்டு நனைந்து, மஞ்சள் ஸ்டிக்கர் புத்தகங்கள் முக்கால்வாசி வீணாகிவிட்டன. திரும்பவும் போய் விசிறிக்குக் கீழே ஒவ்வொரு பக்கமாக விரித்துக் காயவைத்தோம். அப்போது அந்த நான்கு பிள்ளைகளும் எங்களுக்கு முன்பே வந்து தரையில் செய்தித்தாள் விரித்துத் தயாராக இருந்தார்கள்.

ஆகவே போகும்போது திட்டத்தோடு போகாதீர்கள், மூன்று கேள்விகளோடு போங்கள். இங்கே இப்போது யார் என்ன உதவி செய்கிறார்கள்? எது பாதியில் நிற்கிறது? நாங்கள் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகப் போய்ச் செய்வது மட்டும்தான் சர்வீஸ் என்றில்லை. மறைமுகமாகச் செய்வது, ஒன்றுக்காகக் குரல் கொடுப்பது, ஆய்வு செய்து தகவல் திரட்டித் தருவது என்று இன்னும் மூன்று வகை இருக்கின்றன. கூட்டத்தில் பேசக் கூச்சப்படுகிறவர்கள் ஆய்வு வகையைப் பாருங்கள்.

படி 4: ஏழு கட்டங்கள் போட்ட ஓர் ஏ4 தாள்

லேர்னிங் அவுட்கம், அதாவது காஸ் மூலம் கற்றதாக நீங்கள் காட்ட வேண்டியவை, ஏழு இருக்கின்றன. என் வார்த்தையில் சொன்னால்: என் பலம், பலவீனம் தெரிகிறது, சவாலை ஏற்றுப் புதுத்திறன் வளர்த்தேன், நானே ஆரம்பித்துத் திட்டமிட்டேன், விடாமல் செய்தேன், சேர்ந்து வேலை செய்தேன், உலகளவில் முக்கியமான பிரச்சினையோடு ஈடுபட்டேன், என் செயலின் நியாய அநியாயத்தை யோசித்தேன். ஒவ்வொரு வேலையிலும் ஏழும் வர வேண்டியதில்லை. எல்லாம் சேர்ந்து ஒவ்வொன்றும் ஒரு தடவையாவது வந்தால் போதும்.

தாளில் ஏழு நெடுவரிசை, நீங்கள் செய்கிற வேலைகள் குறுக்கு வரிசை. பொருந்துகிற இடத்தில் பென்சிலால் டிக். மூன்று மாதத்துக்கு ஒருதடவை பார்த்தால் எந்த நெடுவரிசை காலி என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஆறாவதும் ஏழாவதும்தான் காலியாக இருக்கும்.

ஆறாவதை நான் ஆமைகளை வைத்து நிரப்பினேன். சென்னையில் மாணவர் கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் பருவம்தோறும் கடற்கரையில் இரவு நடை போய், முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறது. 2023 ஜனவரியில் ஓர் இரவு நானும் நடந்தேன். ஒரு நடை ஒரு அனுபவம்தான், அதை மட்டும் வைத்துப் பெரிதாக எழுத முடியாது. ஆனால் கரையோர விளக்குகளைப் பார்த்துக் குஞ்சுகள் கடலுக்குப் பதிலாக ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும் என்று அங்கே கேட்டது மனதிலேயே இருந்தது. எங்கள் குடியிருப்பு கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது, மொட்டைமாடியில் ஒரு பெரிய விளக்கு விடிய விடிய எரியும். சங்கச் செயலாளர் அங்கிள் பாதுகாப்பைக் காரணம் காட்டி முதலில் மறுத்துவிட்டார். விளக்கை அணைக்க வேண்டாம், கீழே பார்த்துத் திருப்பிவைத்தால் போதும் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். குரல் கொடுக்கும் சர்வீஸ் என்று அதைப் பதிவு செய்தேன்.

படி 5: ரிஃப்ளெக்‌ஷன் எழுதுவது

நான் முதலில் எழுதியது: "இன்று மிகவும் பயனுள்ளதாக இருந்தது. குழுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டேன்." கோஆர்டினேட்டர் மேடம் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். இந்த இரண்டு வரியை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம், அதுதான் பிரச்சினை.

பிறகு எழுதியது: "எண் போட்டுப் பிரிப்பதுதான் சரி என்று நான் அழுத்திச் சொன்னேன், மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். மாலையில் ஒரு சிறுமி 398 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு இது கணக்குப் புத்தகமா என்று கேட்டாள். குழந்தைகளைக் கேட்காமலே அவர்களுக்காக முடிவு செய்திருக்கிறேன். நாளை அவளையே பிரிக்கச் சொன்னால் எப்படிப் பிரிப்பாள்?" என்ன நடந்தது, எப்படி இருந்தது, என்ன தோன்றியது, என்ன கேள்வி எழுந்தது, நான்கும் இதில் இருக்கின்றன. அவ்வளவுதான் தேவை.

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எழுத மாட்டீர்கள். பஸ்ஸில் திரும்பும்போதே ஃபோனில் தமிழில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டு எழுதுங்கள். எழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, குரல் பதிவு, படம், வீடியோ எதுவும் ஆகும். எல்லா நாளும் எழுதாதீர்கள், ஏதாவது மாறிய நாளில் எழுதுங்கள்.

படி 6: ஆதாரம்

பள்ளியில் மேனேஜ்பேக் (பதிவுகளை ஏற்றும் இணையத் தளம்) கொடுத்திருந்தால் கடைசியில் அதில் ஏற்றித்தான் ஆக வேண்டும், ஆனால் தினசரி வேலைக்கு 80 பக்க நோட்டும் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரும் போதும். கோப்பின் பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், தேதி போடுங்கள், தானாக வரிசையாகிவிடும். கேன்வாவில் உட்கார்ந்து போர்ட்ஃபோலியோவை அலங்கரிக்க நேரம் செலவழிக்காதீர்கள், அந்த நேரத்தில் இன்னொரு ரிஃப்ளெக்‌ஷன் எழுதிவிடலாம்.

குழந்தைகளின் முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். எங்களிடம் தலைமையாசிரியை முதல் நாளே அப்படிப் படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆதாரம் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டுகிற கைகள், நோட்டின் பக்கங்கள், ஈரப் புத்தகங்கள். ஏன் முகம் வேண்டாம் என்று நாங்கள் மூன்று பேரும் பேசியதை எழுதியபோது ஏழாவது நெடுவரிசையும் நிரம்பியது.

பிற்சேர்க்கை: இதைப் போட்ட பிறகு வந்த கேள்விகள்

எட்டு வருடமாகப் பரதம் ஆடுகிறேன், அதைக் காட்டலாமா? காட்டலாம், ஆனால் வழக்கமான வகுப்பையே காட்ட முடியாது. அதில் புதிதாக ஒன்று வேண்டும். நீங்களே ஒரு உருப்படிக்கு நடனம் அமைக்கலாம், அல்லது சின்னவர்களுக்கு அடவு சொல்லிக் கொடுக்கலாம்.

கோயில் அன்னதானத்தில் பரிமாறியதைச் சேர்க்கலாமா? வழிபாடும் மதப் பரப்புரையும் காஸ் ஆகாது. பரிமாறுவது எதில் சேரும் என்பதை உங்கள் கோஆர்டினேட்டரிடம் ஆரம்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், செய்து முடித்துவிட்டுக் கேட்காதீர்கள்.

உயிரியல் ஐ.ஏ.வுக்குச் செய்ததையே இதிலும் காட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. பாடத்துக்கோ எக்ஸ்டெண்டட் எஸ்ஸேவுக்கோ (டிப்ளமோவுக்காக எழுதும் நீண்ட ஆய்வுக் கட்டுரை) செய்த வேலையை இங்கே கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் பத்து நாள் சேவை முகாம், லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள், போகட்டுமா என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். வேண்டாம் அம்மா. உங்கள் தெருவிலிருந்து பஸ் போகிற தூரத்தில் ஏதாவது ஒரு பள்ளியில் இதே மாதிரி ஒரு பீரோ பூட்டிக் கிடக்கும். இந்தச் சனிக்கிழமை பையனை அனுப்பிக் கேட்டுவரச் சொல்லுங்கள்.